அகரத்துக்குப் போன தகரப் படம்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. அய்யம்மாள் ஒரே ஒரு பொய் சொன்னாள். ஒரு பெரியவர் அதைக் கும்பிட்டு வாங்கிக்கொண்டு போனார். பத்து வருடமாகக் கதை எழுதும் எனக்கு அப்படியொரு வாசகர் வாய்த்ததில்லை.

‘1958ஆம் வருடம், கருமேகம் சூழ்ந்த திண்டுக்கல்லில்’— வேண்டாம். அன்று நல்ல வெயில்.

2

அய்யம்மாளின் கணவர் சோலைமுத்து வீட்டின் முன்னறையில் தையல்கடை வைத்திருப்பவர். பழைய இரும்புக் கடைகளில் தேடித் தகரப் படங்கள் சேர்ப்பார். (முன்பு மெல்லிய இரும்புத் தகட்டிலேயே போட்டோ எடுத்தார்கள். நகல் கிடையாது.) உடுப்பின் தையலை வைத்து ஆள் யாரென்று துப்புத் துலக்கி, ஊர் ஊராக விசாரித்து, வாரிசுகளிடம் கொடுத்துவிடுவார்.

ஒருத்தி மட்டும் பிடிபடவில்லை. இருபது வயதிருக்கும், இடது கன்னத்தில் மரு. அவளைத் தையல் மெஷினுக்கு எதிரே மாட்டியிருந்தார். சாப்பிடும்போதும் அவள் பேச்சுதான்.

“என் மூஞ்சிய என்னைக்காச்சும் இம்புட்டு நேரம் பாத்திருக்கீகளா?” என்று கேட்டாள் அய்யம்மாள்.

“நீ யாருன்னுதான் எனக்குத் தெரியுமே.”

(இங்கே அவள் அழுததாக எழுதி அடித்துவிட்டேன். அவள் வெஞ்சனச் சட்டியைக் கழுவப் போனாள்.)

3

அய்யம்மாள் பிறந்த ஊர் அகரம். அங்கே பூ விவசாயம் பார்க்கும் நல்லுசாமியைப் பெற்ற அன்றே அவர் தாய் இறந்துபோனாள். இடது கன்னத்தில் மரு இருக்கும் என்பது மட்டும் ஊர்ப்பேச்சில் மிஞ்சியிருந்தது. அய்யம்மாள் போய், “பெரியப்பா, ஒங்க ஆத்தா படம் எங்க வீட்டுல இருக்கு” என்று சொல்லிவிட்டு வந்தாள்.

மறுநாளே அவர் வந்தார். தகட்டை வாங்கி, “எடது கன்னத்துல மரு, ஊர்ல சொன்னபடியே” என்று வெகுநேரம் பார்த்தார்.

“எம் பேத்தி வயசுல இருக்காளே மாப்ள, எங்க ஆத்தா.”

சோலைமுத்துவுக்குப் பொய் புரிந்துவிட்டது. தகரப் படத்தில் இடம் வலமாக விழும். ஆண்களின் கோட்டுப் பொத்தான்கள் பக்கம் மாறியிருப்பதைப் பார்த்து அவர் எப்போதோ அறிந்துகொண்டது அது. படத்தில் இடது கன்னம் என்றால் அவளுக்கு மரு இருந்தது வலது கன்னத்தில். மனைவியைப் பார்த்தார். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை.

“கொண்டு போங்க மாமா” என்றார்.*

4

இங்கேயே சுபம் போட நினைத்தேன். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை சோலைமுத்து அகரத்துக்குப் பஸ் ஏறினார். அங்கே படத்திலிருப்பவளுக்கு விளக்கும் கனகாம்பர மாலையும். வருகிறவர்களிடமெல்லாம் நல்லுசாமி, “எனக்கு ஆத்தா மூக்கு, பாருங்க” என்று காட்டிக்கொண்டிருந்தார். சோலைமுத்துவுக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் வெள்ளி தவறாமல் போகிறார்.

“செவுத்துல கெடந்தவள நானே சாமியாக்கிட்டேன்” என்றாள் அய்யம்மாள் என்னிடம். “சாமிகூட எப்படிச் சண்ட போட?”

5

முதல் முடிவு: சோலைமுத்து உண்மையைச் சொல்லித் தகட்டைக் கேட்கிறார். இரண்டாவது: அய்யம்மாளே ஒப்புக்கொள்கிறாள். இரண்டிலும் நல்லுசாமிக்குத் தாய் மறுபடி சாகிறாள். இரண்டையும் கிழித்தேன்.

இந்த வெள்ளி, “நானும் வாரேன்” என்று அய்யம்மாள் கிளம்பிவிட்டாள். ஒரே சீட்டில் இருவரும் உட்கார்ந்து போனார்கள். நல்லுசாமி விபூதித் தட்டை நீட்டுவார். அவள் கும்பிடுவாளா, வாயைத் திறப்பாளா? என்னால் பஸ் ஸ்டாண்டைத் தாண்ட முடியவில்லை. நீங்கள் போய்ப் பார்த்துச் சொல்லுங்கள்.

* உண்மையில் அவள் யார்? தெரியாது. சோலைமுத்துவும் இப்போது விசாரிப்பதில்லை.