கலுங்குச் சரிவு

நாகஜோதியின் சைக்கிளில் கேரியர் இல்லை, ஸ்டாண்டு இல்லை, மணி இல்லை, மட்கார்டும் இல்லை. வாங்கி வந்த அன்று அவள் அய்யா தர்மராஜ் அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். மிளகாய் மூட்டை வைக்க இடமில்லாத வண்டிக்கு இவ்வளவு அகலமான டயர் எதற்கு என்று கேட்டார். மணலுக்கு என்றாள். அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

ஒவ்வொரு பாகமும் அவள் பார்த்துப் பார்த்து மாட்டியது. மலையில் ஓட்டுகிறவர்களுக்கு முன்பக்கம் ஷாக் அப்சார்பர் வேண்டும். அவள் அதைக் கழற்றிவிட்டு வெறும் இரும்பு ஃபோர்க் போட்டாள். இந்தக் கரையில் மேடு பள்ளம் குறைவு, மணலும் உப்பும் அதிகம். இரண்டும் உள்ளே போனால் ஷாக் ஒரு கோடை தாங்காது. டயருக்குள் டியூப் கிடையாது. பால் போன்ற திரவம் ஊற்றியிருந்தாள். கருவேல முள் ஏறினால் அந்தப் பால் ஓட்டையை அடைத்துவிடும். பெடல் தட்டையானது. வேகம் தேடுகிறவர்கள் ஷூவைப் பெடலோடு பூட்டிக்கொள்வார்கள். மணலில் எந்த நேரம் கால் ஊன்ற வேண்டியிருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் அவள் பூட்டிக்கொள்வதில்லை.

போன வருட மாவட்டப் போட்டியில் இதெல்லாம் இல்லை. டியூபோடு ஓட்டினாள், முள் ஏறியது, கடைசி மைலைச் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிக் கடந்தாள். மூன்றாவது இடம். மாநிலப் போட்டிக்கு முதல் இரண்டு பேர்தான் போக முடியும்.

இந்த வருடம் பாதையே அவள் ஊரில் அமைந்தது. திருப்புல்லாணிக்குத் தெற்கே அவர்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் தொடங்கி, உபரி நீர் வழியும் கலுங்கின் பக்கம் காய்ந்த கண்மாய்க்குள் இறங்கி, கருவேலங்காட்டு ஆட்டுத்தடம் வழியே கடற்கரை மணல்மேட்டைத் தொட்டுத் திரும்ப வேண்டும். இரண்டு சுற்று. மகள் சைக்கிள் ஓட்டுவதைப் பற்றி அதுவரை உறவில் ஒருவரிடமும் வாய் திறக்காத தர்மராஜ், இந்த முறை தானே வீடு வீடாகப் போய்ச் சொன்னார். போட்டியன்று காலையில் குட்டியானை வண்டி நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்து கரையில் இறக்கினார். முன்சீட்டிலிருந்து அவருடைய அண்ணன் வீரபத்திரன் இறங்கினார். குடும்பத்தில் நல்லது கெட்டதில் முதல் பேச்சு அவருடையது. பொம்பளைப்பிள்ளைக்கு எதற்கு இந்த வேலை என்று ஊர்ச் சாவடியில் வைத்துக் கேட்டவரும் அவர்தான்.

தொடங்குவதற்குச் சற்று முன்பு நாகஜோதி கரையில் ஒரு ஓட்டம் ஓட்டிப் பார்த்தாள். பிரேக்கைப் பிடித்தாள். வண்டி நிற்கவில்லை. இன்னும் அழுத்திப் பிடித்தாள். முன்சக்கரம் அது பாட்டுக்குச் சுற்றியது, பின்சக்கரம் மட்டும் மனமில்லாமல் கொஞ்சம் தயங்கியது. காலை ஊன்றி நின்றாள்.

இறங்கிப் பார்த்தால் வண்டி முழுதும் பளபளத்தது. பிரேக் பிடிக்கிற டிஸ்க்கைத் தொட்டாள். விரலில் வழவழப்பு. முகர்ந்தாள். விளக்கெண்ணெய்.

வீட்டில் கடப்பாரை, அரிவாள், பம்புசெட் எதுவானாலும் அய்யா விளக்கெண்ணெய்த் துணியால் துடைத்துத்தான் வைப்பார். இந்தக் காற்றில் துடைக்காத இரும்பு பொரிந்து உதிரும். முக்கியமான காரியத்துக்குப் போகிற வண்டியைத் துடைக்காமல் அவர் வெளியே விட்டதில்லை. சைக்கிள்களை நேற்று மாலையே சோதித்து ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார்கள். விடிவதற்குள் அவர் துணியோடு உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு கம்பியைக்கூட விட்டுவைக்கவில்லை.

கீழக்கரை மாஷிதா பக்கத்தில் வந்து நின்றாள். போன வருடம் முதலில் வந்தவள். குனிந்து டிஸ்க்கைத் தொட்டுப் பார்த்தாள்.

"யாரு வேல இது?"

நாகஜோதி கரைப் பக்கம் பார்த்தாள். தர்மராஜ் வெள்ளைச் சட்டையில், யாரிடமோ சைக்கிளைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"பிரேக் பேடு எண்ணெயக் குடிச்சிருச்சு. இனித் தொடச்சாலும் பிடிக்காது. நடத்துறவங்ககிட்டச் சொல்லு."

"சொன்னா யாரு போட்டதுன்னு கேப்பாக."

"கேக்கட்டுமே."

"பெரியப்பா நிக்கிறாரு."

மாஷிதா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்ப அந்தக் கலுங்குச் சரிவுல எனக்குப் பின்னாடி வராத. மேல வந்து விழுவ."

"முன்னாடி வாரேன்."

மாஷிதா சிரிக்காமல் போனாள்.

நாகஜோதி உட்கார்ந்து இரண்டு டயரிலும் காற்றை இறக்கினாள். மணலுக்கு எப்போதும் இறக்குவதுதான். இன்று அதற்கும் கீழே இறக்கினாள். கட்டை விரலால் அழுத்தினால் டயர் உள்ளே போனது. பிரேக் செய்யாததை மண் செய்யட்டும் என்று நினைத்தாள். சீட்டையும் தாழ்த்தினாள்.

விசில் ஊதியது.

கரை மேல் தொல்லை இல்லை. கலுங்குப் பக்கம்தான் பாதை சட்டென்று கண்மாய்க்குள் விழும். அடியில் வரிசையாகக் கருங்கல், அதற்கு முன்பே இடப்பக்கம் திரும்பியாக வேண்டும். எல்லோரும் மேலேயே பிரேக்கைப் பிடித்து, கெட்டித் தரையில் இறங்கினார்கள். வலது ஓரம், எல்லைக்குக் கட்டியிருந்த கயிற்றுக்கு உட்புறமாக, வயலுக்கு வண்டல் அள்ளிய இடம் இருந்தது. சித்திரையில் தர்மராஜும்தான் அங்கே டிராக்டரில் அள்ளினார். தூர்ந்த மண் பொலபொலவென்று கிடந்தது. பாதை எப்படி என்று கேட்டு வந்த வெளியூர்க்காரர்களிடம், அந்த ஓரம் போகாதீர்கள், சக்கரம் புதைந்துவிடும் என்று நாகஜோதியே சொல்லியிருந்தாள்.

இப்போது அவளுக்குச் சக்கரம் புதைய வேண்டும். வலப்பக்கம் விட்டாள். முன்டயர் மண்ணில் அமுங்கியது, வண்டி நின்றது, அவள் நிற்கவில்லை. தோள் தரையில் மோதியது. எழுந்து வாயில் இருந்த மண்ணைத் துப்புவதற்குள் பலர் தாண்டிப் போய்விட்டார்கள்.

வீரபத்திரன் கரையிலிருந்து கத்தினார். "ஏலே தர்மா, நல்ல பாதை அங்கன கெடக்கு. ஒம் மக குழிக்குள்ள போயி விழுகுறா."

தர்மராஜ் சரிவை நோக்கி நடந்தார்.

ஆட்டுத்தடத்தில் மற்றவர்கள் ஒவ்வொரு வளைவிலும் வேகத்தைக் குறைத்தார்கள். அவளுக்குக் குறைக்க வழியில்லை. வளைவு தொடங்கும் இடத்தைப் பார்க்காமல் முடியும் இடத்தைப் பார்த்தாள். கண் போன இடத்துக்கு வண்டி போனது. முள் கையைக் கீறியது. டயரில் ஏறிய முட்களைப் பால் அடைத்துக்கொண்டது. பனங்காட்டைத் தாண்டி மணல் வருவதற்கு முன்பே கியரை லேசாக்கினாள். இடுப்பைப் பின்னால் தள்ளி, கைகளைத் தளர்த்தி, ஹேண்டிலைத் திருப்பாமல் மிதித்தாள். மணலில் மிதிப்பதை நிறுத்தினால் தீர்ந்தது. காற்று இறங்கிய டயர் மணலுக்கு மேலே மிதந்தது. ஷூவைப் பூட்டியிருந்த இரண்டு பேர் காலை விடுவிக்க முடியாமல் சாய்ந்து கிடந்தார்கள். மற்றவர்கள் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். அவள் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டாம் சுற்றில் கலுங்குக்கு வரும்போது முன்னால் மாஷிதா மட்டும் இருந்தாள்.

தர்மராஜ் சரிவின் ஓரத்துக்கே வந்து நின்றிருந்தார். மகள் வந்த வேகம் அவருக்குப் பிடிபடவில்லை. அப்போது அவள் விரல்களைப் பார்த்தார். பிரேக் கைப்பிடியை அடிவரை அழுத்திப் பிடித்திருந்தாள். சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.

அவள் மறுபடி வலது ஓரம் போனாள். இந்த முறை சீட்டுக்கும் பின்னால் உட்கார்ந்தாள், முன்சக்கரம் லேசானது. பின்சக்கரம் மண்ணை உழுதது. வேகம் செத்தது. கல்லுக்கு ஒரு முழம் முன்னால் இடப்பக்கம் திரும்பினாள்.

ஆட்டுத்தடமும் மணலும் கடந்து, முடிவுக் கோட்டில் மாஷிதா ஒரு வண்டி நீளத்தில் முந்தினாள். நாகஜோதி இரண்டாவது.

நிறுத்துவதற்காக அவள் கரையோரப் புழுதிக்குள் போய் இறங்கினாள். தர்மராஜ் வந்தார். மகளிடம் போகவில்லை, சைக்கிளிடம் போனார். முன்பக்கத்தைத் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றிவிட்டு பிரேக்கைப் பிடித்தார். சக்கரம் சுற்றியது. டிஸ்க்கைத் தடவி விரலைப் பார்த்தார். டிராக்டர் வைத்திருப்பவர். பிரேக்கில் எண்ணெய் பட்டால் என்ன ஆகும் என்று யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"எப்பத் தெரிஞ்சுச்சு ஆத்தா?"

"கெளம்பயில."

"சொல்லியிருக்கலாம்ல."

அவள், நடந்து வந்துகொண்டிருந்த பெரியப்பாவைப் பார்த்தாள். தர்மராஜும் திரும்பிப் பார்த்தார்.

வீரபத்திரன் வந்து, பரவாயில்லை, ரெண்டாவது என்றார். குழியில் போய் விழாமல் ஒழுங்கான பாதையில் ஓட்டத் தெரிந்திருந்தால் முதலிலேயே வந்திருக்கலாம் என்றும் சொன்னார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள்.

தர்மராஜ் எண்ணெய் விரலை அவர் முன்னால் நீட்டினார்.

"அண்ணே, இந்த வண்டியில பிரேக் கெடையாது. காலையில நாந்தான் எண்ணெயத் தடவிக் கெடுத்தேன். பிரேக் இல்லாத வண்டியில எம் மக ரெண்டு சுத்து வந்திருக்கா. ஓட்டத் தெரியலங்கிறீக."

யாரும் சிரிக்கவில்லை. வீரபத்திரன் சரிவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கல்லைப் பார்த்தார்.

அடுத்து வந்தவரிடமும் தர்மராஜ் அதையே சொன்னார். அதற்கடுத்தவரிடமும். நான் கெடுத்தேன் என்பதை அவர் ஒருமுறைகூட விடவில்லை. அதை விட்டால் மகள் செய்தது பாதிதான் தெரியும்.

மாஷிதா மெடலோடு வந்து, "மாமா, அடுத்த தடவ என் வண்டிக்கும் எண்ணெ போட்டு விடுங்க" என்றாள்.

"ஒனக்கு வேணாம்மா. பிரேக்க வச்சுக்கிட்டே நீ ஒரு வண்டி நீளந்தான முந்துன."

மாஷிதா வாய்விட்டுச் சிரித்தாள். மாநிலப் போட்டியில் பார்ப்போம் என்று நாகஜோதியின் அடிபடாத தோளில் தட்டிவிட்டுப் போனாள்.

சைக்கிளைக் குட்டியானையில் ஏற்றினார்கள். வீரபத்திரன் வழக்கம்போல முன்பக்கக் கதவைத் திறந்தார். தர்மராஜ் கதவில் கை வைத்தார்.

"அண்ணே, நீங்க பின்னாடி ஏறிக்கங்க. புள்ள முன்னாடி ஒக்காரட்டும்."

வீரபத்திரன் கதவிலிருந்து கையை எடுத்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஏறினார். வண்டி கிளம்பியதும், ஆடிய சைக்கிளை ஒரு கையால் பிடித்துக்கொண்டார்.