மகஜரில் ஏறிய பாட்டு

எழுபத்தொன்று டிசம்பரில் ஊர் முழுக்கச் சண்டைப் பேச்சு. பாகிஸ்தானோடு போர் நடந்துகொண்டிருந்தது. சீனாவும் உள்ளே இறங்குமா இறங்காதா என்று டீக்கடைகளில் விவாதித்தார்கள். எங்கள் ஆபீசில் அந்த விவாதமே கிடையாது. சீனா இறங்கிவிட்டது என்றே வைத்துக்கொண்டு வேலை பார்த்தோம். வெளிநாட்டுக்காரர்களின் பதிவேடு பார்க்கிற போலீஸ் ஆபீஸ் அது. நான் அங்கே ரைட்டர், பெயர் பவுல்சாமி, சாந்தோம்காரன். மேலதிகாரி சொல்லச் சொல்ல எழுதுவது என் உத்தியோகம். பன்னிரண்டு வருஷம் எழுதியதில் விரல் காய்த்ததுதான் மிச்சம்.

அந்தச் சமயத்தில் ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. பாண்டி பஜாருக்குப் பின்தெருவில் அழகு நிலையம் வைத்திருக்கும் சீனாக்காரி, கடையில் பகலெல்லாம் பீக்கிங் பாட்டுப் போட்டு எதிரிக்கு ஆள் பிடிக்கிறாள் என்று அதில் இருந்தது. பெயர் போட்டு வருகிற மனுக்கள் எங்கள் ஆபீசில் மாதக்கணக்கில் தூங்கும். பெயர் போடாத கடிதத்துக்குத்தான் மரியாதை. இன்ஸ்பெக்டர் ராஜரத்தினம் படித்த சூட்டோடு ஜீப்பில் ஏறினார். தாள், கார்பன், அட்டை எல்லாம் எடுத்துக்கொண்டு நானும் பின்னால் ஏறினேன்.

அந்தச் சீனாக்காரியை எனக்குத் தெரியும். மேய் லிங். கடைக்கு வருகிறவர்களுக்கு மேரி. பிறந்தது ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில். அப்பா மயிலாப்பூரில் பல் டாக்டராக இருந்து காலமானவர். அறுபத்திரண்டு சீனச் சண்டைக்குப் பிறகு அவளை அந்நிய தேசத்தவள் என்று சர்க்கார் முடிவு செய்தது. அதிலிருந்து ஒவ்வொரு ஜனவரியும் எங்கள் ஆபீசுக்கு வந்து, இந்த ஊரில் தங்கியிருக்க அனுமதிச் சீட்டு வாங்கிப் போவாள். செங்கல்பட்டுக்குப் போவதென்றாலும் எங்களைக் கேட்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு அவள் பேச்சைக் கேட்டால் மெரினா கரையில் இருக்கும் நொச்சிக்குப்பத்துப் பெண் என்றுதான் சொல்வீர்கள்.

நாங்கள் நுழைந்தபோது கிராமபோனில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நாற்காலிகளில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி தங்கபுஷ்பம், ரங்கநாதன் தெருவில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரரின் மனைவி. இன்னொருத்தி காமாக்ஷி, மயிலாப்பூர் மாமி, பாதி கத்தரித்த தலையோடு இருந்தார். போலீசைக் கண்டதும் மாமி தோளில் கிடந்த துண்டைத் தலைக்கு இழுத்துக்கொண்டார். முடி வெட்டிக்கொள்ள வந்தது வீட்டுக்குத் தெரியாது போலிருக்கிறது.

ராஜரத்தினம் இசைத்தட்டுப் பெட்டியைக் குடைந்தார். இருபது தட்டுகளும் தமிழ், இந்திப் பாட்டுகள். சீனத் தட்டு ஓடிக்கொண்டிருந்த அது ஒன்றுதான். அதைக் கையில் எடுத்து அங்கேயே மகஜர் எழுதச் சொன்னார். கைப்பற்றும் பொருள் என்ன ஏது என்று விவரித்து, கண்ணால் பார்த்த இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்குகிற காகிதம்தான் மகஜர். சாட்சிக்கு நாற்காலியில் இருந்த இருவரையே காட்டினார்.

இங்கே எங்கள் ஆபீசின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். சீனம் தெரிந்தவர் எங்களிடம் ஒருவரும் இல்லை. டெல்லிக்கு அனுப்பினால் ஆறு மாதம் ஆகும். போன பொருள் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. அதனால் சீன எழுத்தோ பேச்சோ கிடைத்தால், யார் மேல் சந்தேகமோ அவரையே மொழிபெயர்க்கச் சொல்வோம். பிறகு அவர் சொன்னதை நம்ப மாட்டோம். வெட்கங்கெட்ட வேலை. ஆனாலும் ஒரு நாளும் நான் வாயைத் திறந்ததில்லை.

பீக்கிங் அரசின் பிரசாரப் பாட்டு என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் விஷயம் தட்டோடு போய்விடும், ஜனவரியில் சீட்டும் கிடைக்கும் என்றார் ராஜரத்தினம். இல்லாவிட்டால் ஊரை விட்டுக் கிளம்ப வேண்டியதுதான். மேய் லிங் கத்தரியைக் கீழே வைத்தாள்.

"இது பீக்கிங் பாட்டு இல்ல சார். எங்க அக்கா பாட்டு."

அக்கா பெயர் சூ லான். வயதுக்கு வந்த கையோடு சிங்கப்பூரில் மாமா வீட்டுக்குப் போனவள், அங்கே ஒரு கிளப்பில் பாடினாள். ஐம்பத்தாறில் ஒரே ஒரு தட்டு வெளிவந்தது. பிறகு மதராசுக்கே திரும்பி வந்துவிட்டாள். சண்டை வந்தபோது, சிங்கப்பூர் போய்வந்தவள் என்பதே சந்தேகப்படப் போதுமானதாக இருந்தது. அவளைச் சீனர்களை அடைத்துவைத்த ராஜஸ்தான் முகாமில் வைத்தார்கள். மறு வருஷம் நம்முடைய துறைமுகத்திலிருந்தே கப்பலில் ஏற்றி, அவள் அதுவரை பார்த்தேயிராத சீனாவுக்கு அனுப்பிவைத்தார்கள். அங்கே காதல் பாட்டுக்கு மஞ்சள் பாட்டு என்று பெயர். மஞ்சள் என்றால் கெட்டுப்போனது என்று அர்த்தமாம். தலைவரைப் புகழ்ந்து பாடலாம். மேடையில் சர்க்கார் ஒப்புக்கொண்ட விரல்விட்டு எண்ணக்கூடிய நாடகங்களைப் போடலாம். வேறு எதுவும் கூடாது. வீடு வீடாகப் புகுந்து தட்டுகளை உடைத்தார்கள். அறுபத்தேழில் சூ லானின் கழுத்தில் பலகை மாட்டி, இந்தப் பாட்டைப் பாடிய குற்றத்துக்காகத் தெருவில் நிற்க வைத்தார்கள். ஹாங்காங் சித்தி எழுதித்தான் தங்கைக்குத் தெரிந்தது. அதன் பிறகு அக்காவிடமிருந்து கடிதமே இல்லை. அக்காவின் குரல் உலகத்தில் மிஞ்சியிருப்பது இந்த ஒரு தட்டில்தான் என்றாள்.

இதையெல்லாம் அவள் அழாமல் சொன்னாள்.

"அந்த சர்க்காரு இத்த ஒடைக்கணும்ன்னுச்சு. நீங்க இது அந்த சர்க்காரோட பாட்டுன்னு சொல்லி எடுத்துக்கினு போறேன்றீங்க. ரெண்டு பேரும் மொதல்ல பேசி ஒரு முடிவு பண்ணிக்கினு வாங்க சார்."

ராஜரத்தினத்தின் முகம் சிவந்தது. கதை வேண்டாம், மொழிபெயர்ப்பைச் சொல் என்றார். சொல்கிறேன், ஆனால் பாட்டைக் கேட்காமல் சாட்சிகள் எப்படிக் கையெழுத்துப் போடுவார்கள் என்று அவள் கேட்டாள். விதிப்படி அது நியாயமான கேள்வி. அவர் என்னைப் பார்த்தார். ஆமாம் சார் என்றேன்.

அவள் ஊசியை வைத்தாள். ஒல்லியான குரல், அவசரமே இல்லாமல் பாடியது. ஒவ்வொரு அடி முடிந்ததும் தட்டை நிறுத்தி, தமிழில் சொல்லி, நான் எழுதி முடிக்கும்வரை காத்திருந்து மறுபடி ஓடவிட்டாள். மழை விட்டதும் வருகிறேன் என்று சொல்லிப் போனாய். மழை விட்டு மூன்று நாளாகிறது. குடையை மடக்க எனக்கு மனம் வரவில்லை. தெருவில் போகிறவர்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். இவ்வளவுதான் பாட்டு. நான் அழுத்தி எழுதினேன், மூன்றாவது பிரதியிலும் தெளிவாக விழட்டும் என்று.

இதை அடித்துவிட்டுப் பிரசாரம் என்று எழுதச் சொன்னார் ராஜரத்தினம்.

முதலில் வாயைத் திறந்தது தங்கபுஷ்பம். "போன மனுசன் வரலைன்னு ஒருத்தி பாடுதா. இதுல என்ன கட்சி இருக்கு? பிரசாரம்னு எழுதினா நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

ராஜரத்தினம் மாமியின் பக்கம் திரும்பினார். சாட்சி ஒத்துழைக்காவிட்டால் வீட்டு விலாசத்துக்கு நோட்டீஸ் வரும், கணவர் கையில்தான் கொடுப்பார்கள் என்று பதமாகச் சொன்னார். கெட்டிக்காரர், எங்கே அடித்தால் வலிக்கும் என்று தெரிந்தவர். காமாக்ஷி மாமி கண்ணாடியில் தன் தலையைப் பார்த்தார். பிறகு துண்டை உருவி மடியில் போட்டுக்கொண்டார்.

"தாராளமா அனுப்புங்கோ. என் தலையைப் பார்த்தா ஆத்துல எப்படியும் தெரியத்தான் போறது. அவ சொன்னபடி எழுதியிருந்தா கையெழுத்துப் போடறேன், இல்லேன்னா இல்லை."

இப்போது மூன்று பெண்களும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு மூன்று பிள்ளைகள், வாடகை வீடு, ஓய்வூதியத்துக்கு இன்னும் பல வருஷம். அத்தனையும் மனதில் ஓடியது. பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்தைவிட வெட்கம் அதிகமாக இருந்தது.

"மூணு பிரதியிலயும் ஏறிடுச்சு சார். அடிச்சா, அடிச்ச எடத்துல சாட்சி கையெழுத்து வேணும். நம்பர் போட்ட தாளு, கிழிக்கவும் முடியாது."

அவர் என்னை அறைந்துவிடுவார் என்றே நினைத்தேன். அறையவில்லை. பாடியவர் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள் என்றாள் மேய் லிங். கொட்டை எழுத்தில் சூ லான் என்று எழுதினேன். இரண்டு சாட்சிகளும் கையெழுத்துப் போட்டார்கள். போனவனைக் காணாமல் புலம்பும் பாட்டைக் கைப்பற்றினேன் என்று ராஜரத்தினம் மேலே எந்த முகத்தோடு சொல்வார்? பொருள் கைப்பற்றப்படவில்லை என்று அவரே அடியில் எழுதி, பேனா முனை உடைகிற மாதிரி கையெழுத்துப் போட்டார். தட்டு பெட்டிக்குள் போனது.

அவர் சும்மா விடவில்லை. ஜனவரியில் ஒரு வருஷச் சீட்டுக்குப் பதில் மூன்று மாதச் சீட்டுதான் தந்தார். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கடையைப் பூட்டிவிட்டு வந்து அலையட்டும் என்ற எண்ணம். என்னைத் தூசு படிந்த ரிக்கார்டு ரூமுக்கு மாற்றினார். பழைய கட்டுகளைப் பிரித்து அடுக்குகிற வேலை. வீட்டில் மனைவி மர்சலின் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. எழுதியதற்காக நான் ஒரு நாளும் வருந்தவில்லை.

ஏப்ரலில் மேய் லிங் வந்தாள். ஏதோ கட்டு தேடி நான் வராந்தாவுக்கு வந்தபோது, வரிசையில் நின்றபடி அந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அவள் முறை வந்தபோதும் நிறுத்தவில்லை. சீட்டில் முத்திரை குத்திக்கொண்டிருந்த ராஜரத்தினம் தலையை நிமிர்த்தாமலே அது என்ன பாட்டு என்று கேட்டார்.

"உங்க ஃபைல்லயே கீது சார், மூணு காப்பி. டெல்லிக்கும் ஒண்ணு போயிருக்கும். பாடுனவங்க பேரும் போட்டுக்கீது."

வரிசையில் நின்ற யாரோ சிரித்தார்கள். ராஜரத்தினம் முத்திரையை இன்னொரு தடவை மையில் அழுத்தினார். அவள் சீட்டை வாங்கி மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, விட்ட அடியிலிருந்து பாட்டைத் தொடர்ந்தாள். இந்தத் தடவை முணுமுணுக்கவில்லை, வாய்விட்டுப் பாடிக்கொண்டே படியிறங்கிப் போனாள்.