காய் வெடிக்கும் முன்

அண்ணனின் இடது கன்னத்தை மழித்து முடித்துத் தாடைக்கு அடியில் கத்தியை வைத்தபோது அண்ணி கதவருகே வந்து நின்றாள்.

"தம்பி, காய் மஞ்சளாயிடுச்சு."

தம்பி கையை எடுக்கவில்லை. ஊருக்கெல்லாம் முடி வெட்டுகிறவன், அண்ணனுக்கு மட்டும் ஒரு நாளும் கத்தி பிடித்ததில்லை. "என் கழுத்தை உன் கையில குடுக்க நான் என்ன பைத்தியமா?" என்று சிரிப்பார் மனுஷன். விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார். இப்போது ஒரு வார்த்தை பேசாமல் கழுத்தைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தார்.

"எந்தக் காய் அண்ணி?"

"இந்த வீட்டுல எத்தனை காய் இருக்கு? அந்த ஆர்க்கிட் காய்தான். நுனியில மஞ்சள் தட்டிடுச்சு. சாயங்காலத்துக்குள்ள வெடிச்சிடும்."

கூடத்தில் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், மதியம் அண்ணனை எடுக்க வண்டி வந்துவிடும், இவளோ காயைப் பற்றிப் பேசுகிறாள்!

அண்ணன் மின்சார அலுவலகத்தில் வயர்மேன். ஒருமுறை மழையில் கம்பிமேல் விழுந்த காட்டு மரத்தை அகற்றப் போனவர், கிளையில் ஒட்டியிருந்த அந்தச் செடியைத் தூக்கிக்கொண்டு வந்தார். காட்டிலேயே விரல்விட்டு எண்ணக்கூடிய ஜாதி என்று யாரோ சொல்லிவிட, பிடித்தது பைத்தியம். ஊறுகாய் பாட்டில், ஜாம் பாட்டில் எதையும் விடமாட்டார். தெருவில் அவர் பெயரே 'பாட்டில்காரர்'. குக்கரில் சோறு வெந்த நாளைவிட, கிருமி சாகப் பாட்டில் வெந்த நாள்தான் அதிகம். அந்த விதைக்குச் சொந்தச் சாப்பாடு கிடையாதாம், மண்ணில் போட்டால் பட்டினி கிடந்து செத்துப்போகுமாம். வாழைப்பழமும் சர்க்கரையும் போட்டுக் காய்ச்சிய கூழைப் பாட்டிலில் உறையவைத்து, அதன்மேல் தூவ வேண்டுமாம். அவரே குச்சியால் மகரந்தம் எடுத்து வைத்து, ஏற்கெனவே இரண்டு காய் பிடித்தன. இரண்டிலும் வெறும் பதர்.

தம்பிக்கு அந்தப் பாட்டில் அறைக்குள் என்னதான் நடக்கிறதென்று பார்க்கத் தீராத ஆசை. அண்ணன் வாசலைத் தாண்ட விட்டதில்லை. "உன் சட்டையில ஊர் முடி பூரா இருக்குடா. ஒரு துணுக்கு விழுந்தா போச்சு, பூசணம்தான்."

"கூட இருந்து பாத்தவங்க நீங்கதானே அண்ணி? நீங்களே அறுக்கலாமே?"

அண்ணி கையை நீட்டினாள். விரல்கள் தாமாக ஆடின. "இதை வச்சுக்கிட்டா?"

"நாளைக்குப் பாத்துக்கலாமா?"

"வெடிச்சா காத்துல இருக்கிற அழுக்கெல்லாம் உள்ள போயிடும். மூடியிருக்கும்போதே அறுக்கணும். மிச்சத்தை மழிச்சுட்டு, தலைக்குக் குளிச்சுட்டு வா. அவர் சட்டையைப் போட்டுக்கோ."

அவன் குளித்துவிட்டு வந்தபோது கூடத்தில் பெரியம்மா அண்ணியின் கையைப் பிடித்து வைத்திருந்தாள். அண்ணன் தம்பி இருவரையும் தூக்கி வளர்த்தவள்.

"எங்கம்மா போற, அவன் பக்கத்துல உக்காராம? காலைலேர்ந்து ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல. கல்லா நீ? வாய்விட்டு அழுதிடும்மா, உள்ள வச்சுக்கிட்டா உடம்புக்கு ஆகாது."

"இதோ வந்துடறேன் பெரியம்மா," என்று கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள்.

அறையில் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு மேசை, தூசி படாமல் கைவிட்டு வேலை செய்யப் படுக்கவைத்த மீன் தொட்டி, அலமாரி நிறையக் கூழ் பாட்டில்கள். இதற்கா இத்தனை வருஷம் எட்டி எட்டிப் பார்த்தோம் என்றிருந்தது தம்பிக்கு. காய் சின்ன வெண்டைப்பிஞ்சு அளவுதான். அதை அண்ணி ப்ளீச் தண்ணீரில் ஊறப்போட்டாள்.

"எப்போ பூக்கும் அண்ணி?"

"முளைச்சா, ஏழெட்டு வருஷம்."

"அண்ணனுக்கு அது தெரியும்ல? அவர் வயசுக்கு..."

"அவருக்குப் பூ வேணாம்ப்பா. உள்ள உயிர் இருக்கான்னு ஒரே ஒரு தடவ பாத்துட்டா போதும்னு சொல்லிக்கிட்டே இருந்தார்."

அவன் முகத்தில் முகமூடியைக் கட்டிவிட்டாள். தானும் கட்டிக்கொண்டாள். "இனிமே வாயைத் திறக்காதே. எச்சில், வேர்வை, கண்ணுத் தண்ணி, எது பட்டாலும் கெட்டுச்சு. போன தடவ பதர்னு தெரிஞ்சப்போ அவர் பாட்டிலை எல்லாம் மூடிட்டு, வெளிய போய்த்தான் அழுதார்."

காயை ஸ்பிரிட்டில் முக்கி, விளக்குச் சுடரில் ஒரு தரம் காட்டி, தொட்டிக்குள் வைத்து, புது பிளேடால் நீளவாக்கில் கீறினான். பிளந்த காய்க்குள் வெளிறிய மாவு. இதுவா விதை? கடையில் பிடரியில் தட்டிவிடும் பவுடர்கூட இதைவிடக் கனம். எத்தனை ஆயிரமோ, லட்சமோ! கேட்க நாக்குத் துடித்தது. புருவத்தை மட்டும் உயர்த்தினான். அண்ணி தலையாட்டினாள்.

அவன் பிளேடு நுனியில் அள்ளித் தூவினான், அண்ணி மூடி எடுத்துக் கொடுத்தாள். பாதிப் பாட்டில் முடிந்திருக்கும். அவள் கை மூடியோடு அந்தரத்தில் நின்றது. நிமிர்ந்து பார்த்தான். முகமூடிக்கு மேலே கண் இரண்டும் நிறைந்து தளும்பின. அவள் சட்டென்று தலையைப் பின்னால் சாய்த்துக் கூரையைப் பார்த்தாள். இமைக்கவில்லை. கை மட்டும் மூடியை அவன் பக்கம் நீட்டியது. கடைசிப் பாட்டில் வரைக்கும் அவள் தலையைக் குனியவேயில்லை.

பிளேடில் ஒட்டியிருந்த மிச்சத்தைக் கண்ணாடித் துண்டில் தட்டி, பூதக்கண்ணாடியை வைத்துக் குனிந்தான். மெல்லிய சல்லடைப் பை மாதிரி ஒவ்வொன்றும். ஒவ்வொன்றின் நடுவிலும் உருண்டையாக, அழுத்தமாக, ஒன்று.

"கரு இருக்கு அண்ணி! எல்லாத்துலயும் இருக்கு!"

அவள் அவனைத் தள்ளிவிட்டுக் குனிந்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"மூடியெல்லாம் இறுக்கிட்டியா?"

"இறுக்கிட்டேன்."

"இன்னொரு தடவ பாரு."

ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்தான். "எல்லாம் இறுக்கமா இருக்கு அண்ணி."

அண்ணி முகமூடியை அவிழ்த்து மடித்து மேசைமேல் வைத்தாள். பிறகு, கூடத்தில் இருந்தவர்களெல்லாம் எழுந்து நிற்கும்படி, அழுதாள்.