நூற்றுப் பதின்மூன்றுக்கு அடுத்த பக்கம்

தாளைப் புரட்டியதும் மேலே இருந்த நான்கு வரிகள் அவள் கண்ணில் பட்டன. வாய் திறப்பதற்குள் கண் முந்திக்கொள்வது அவளுடைய தொழில் பழக்கம். பேருந்து நிலையத்தில் இருபத்தாறு வருடமாக ஒலிபெருக்கியில் அறிவிப்பு வாசிக்கிறவள். எந்தக் காகிதத்தையும் நாலு வரி முன்னால் பார்த்துவிட்டுத்தான் குரல் கொடுப்பாள். இன்றைக்குக் கண் பார்த்ததைச் சொல்லக் குரல் மறுத்துவிட்டது. எதிர் நாற்காலியில் கணவர் கால் மேல் கால் போட்டு, முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவள் ஒருமுறை தொண்டையைச் செருமினாள். விரலில் எச்சில் தொட்டு அடுத்த தாளையும் புரட்டினாள். நல்லவேளையாக அங்கே புதிய அத்தியாயம் தொடங்கியது. "பக்கம் நூற்றுப் பதினாறு" என்று ஆரம்பித்து, கண்ணுக்குள் நீர் எங்கே ஊறி எந்த வழியாக வடிகிறது என்பதைப் பிசிறில்லாமல் வாசித்துக்கொண்டே போனாள். அவர் காலை மாற்றிப் போட்டார்.

அவர் லிப்ட் மெக்கானிக். முப்பத்தைந்து வருடம் உயரமான கட்டடங்களின் உச்சியில், மோட்டார் அறைகளில் காலம் தள்ளியவர். லிப்ட் நின்றால்தான் வேலை. ஓடிக்கொண்டிருந்தால் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தச் சும்மா நேரத்தில் படித்துப் பழகிவிட்டார். கருவிப் பையில் ஸ்பேனருக்கும் கிரீஸ் டப்பாவுக்கும் நடுவில் எப்போதும் மூன்று புத்தகங்கள் கிடக்கும். ஒன்று நாவல். ஒன்று யாராவது தன் வாழ்க்கையைத் தானே எழுதியது. இன்னொன்று ஏதாவது ஒரு துறையைப் பற்றி அந்தத் துறைக்காரரே எழுதியது. அவருடைய பாஷையில் கதை, வாழ்க்கை, வேலை. மூன்றையும் மாற்றி மாற்றிப் படிப்பார். ஒரே ரகமாகப் படிப்பது ஒரே காலில் நொண்டியடித்துக்கொண்டு போகிற மாதிரி என்பார். கறையான் புற்று, பாலம் கட்டுவது, உப்பளம், விமான விபத்து விசாரணை என்று அவர் தொடாத வேலை இல்லை. படித்ததோடு விடுகிற ஆளும் இல்லை. நடந்தே நாடு சுற்றிய ஒருவரின் வாழ்க்கையைப் படித்துவிட்டு மூன்று மாதம் வேலைக்கு நடந்தே போய் இரண்டு ஜோடி செருப்பைத் தேய்த்தார். தூக்கத்தைப் பற்றி ஒரு நிபுணர் எழுதியதைப் படித்த வாரமே வீட்டிலிருந்த தலையணைகளையெல்லாம் பரணில் ஏற்றினார். அதற்கப்புறம் ஒரு மாதம் கழுத்து வலி; அவளுக்கு. அவர் சுகமாகத் தூங்கினார். புத்தகத்தில் ஒன்று எழுதியிருந்தால் அவர் அதன்படி நடந்துவிடுவார். அவளுடைய பயமே அதுதான்.

அவருக்குக் கண்ணில் அழுத்தம் ஏறும் நோய். வலியில்லாமல், அறிவிப்பில்லாமல் வந்தது. தெரிந்தபோது இடது கண் முழுக்கப் போயிருந்தது. வலது கண்ணில் குழாய்க்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பது போல ஒரு சின்ன வட்டம் மட்டும் மிச்சம். அதிலும் பனி படிந்த மாதிரி மங்கல். வட்டத்துக்குள் ஒரு எழுத்து அகப்படும், அடுத்த எழுத்துக்குப் போவதற்குள் முந்தினது தொலைந்துவிடும். ஒருநாள் முழுக்க உட்கார்ந்து அரைப் பக்கம் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்துதான் அவள் வாசிக்க ஆரம்பித்தாள்.

காலை ஆறு மணிக்கு டூட்டிக்குப் போனால் இரண்டு மணிக்கு வந்துவிடுவாள். சாப்பிட்டு மூன்று மணிக்கு உட்கார்ந்தால் ஐந்து வரை. அதுவரை அவள் செய்தித்தாளில் ராசிபலனுக்கு மேல் படித்தவள் இல்லை. கதையில் காதலர்கள் பிரிகிற இடத்தையும் ஐந்தாவது நடைமேடையிலிருந்து வண்டி புறப்படுகிற குரலில்தான் வாசித்தாள். ஊர்ப் பெயர் வந்தால் அவளையறியாமல் இரண்டு தரம் சொன்னாள். ஒவ்வொரு பக்கத்துக்கும் முதலில் எண்ணை அறிவித்தாள். "பயணிகள் கவனத்திற்குன்னு மட்டும்தான் சொல்லல. நீ மைக்கு இல்லாத மைக்கு" என்று சிரித்தார். அன்றிலிருந்து அவளுக்கு மைக்கு என்று பேராகிவிட்டது. வீட்டுக்குள் மட்டும்.

சட்டதிட்டங்களையும் அவரே போட்டார். கதையில் சலிப்பு தட்டினால் இரண்டு பக்கம் விடலாம். வாழ்க்கையில் ஆள் தற்பெருமை பேச ஆரம்பித்தால் தாராளமாகத் தாண்டலாம். "வேலைப் புத்தகத்துல மட்டும் ஒரு வரி விடக் கூடாது. அதுல ஒரு வரி போனா எங்கேயோ ஒரு பாலம் விழுந்துரும்." அவளும் விட்டதில்லை. பாலத்தில் எத்தனை ஆணி என்பதைக் கூட விடாமல் வாசித்தாள். போகப் போக அவளுக்கே ஆச்சரியம், மூன்றில் வேலைப் புத்தகங்கள்தான் பிடித்தன. கதையில் வருகிறவர்கள் எதையாவது ஒளித்தார்கள். வாழ்க்கையை எழுதினவர்கள் பாதியைச் சொல்லிப் பாதியை விழுங்கினார்கள். வேலைக்காரர்கள் எதிரே இருப்பது யார் என்று பார்க்காமல் உள்ளதை உள்ளபடி போட்டுவிட்டார்கள். கறையான்கள் தங்கள் ராணியைக் கடைசியில் என்ன செய்யும் என்று படித்த அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் மறுநாள் மூன்றடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போதே புத்தகத்தோடு உட்கார்ந்துவிட்டாள்.

கண் புத்தகத்தையும் அவர்தான் கேட்டு வாங்கினார். ஓய்வு பெற்ற ஒரு கண் மருத்துவர், இளம் மருத்துவர்களுக்காக எழுதியது. நூலகத்து அம்மாள் எங்கெங்கோ சொல்லி வைத்து வரவழைத்துக் கொடுத்துவிட்டு, "உங்க வீட்ல யாரு டாக்டருக்குப் படிக்கறது?" என்று கேட்டாள். ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார். வரும் வியாழக்கிழமை. போன பார்வை திரும்பாது. இருக்கிற வட்டத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம். செய்யாவிட்டால் ஒரு வருடம், மிஞ்சினால் ஒன்றரை வருடத்தில் அதுவும் போய்விடும். பயப்பட ஏதாவது இருக்கிறதா என்று அவள் கேட்டதற்கு, எல்லா ஆபரேஷனிலும் இருப்பதுதான் என்று சொல்லிக்கொண்டே அடுத்த நோயாளியின் அட்டையை எடுத்தார். கையெழுத்துப் போட வேண்டிய தாளைக் கொடுத்தனுப்பியிருந்தார்கள். அவர் உடனே போட்டுவிடவில்லை. முதலில் புத்தகம் முடியட்டும் என்றார்.

அந்தப் புத்தகத்தில்தான் அவள் இரண்டு பக்கத்தை விட்டாள். கடைசிச் சொட்டுப் பார்வை மட்டும் மிஞ்சியவர்களுக்கு, எல்லாம் சரியாக நடந்த பிறகும், அந்தச் சொட்டு அணைந்துவிடுவதுண்டு என்று அதில் இருந்தது. அந்த நான்கு வரிக்கு மேல் அவள் பார்க்கவில்லை. இதைக் கேட்டால் மனிதர் தலையணையைத் தூக்கிப் பரணில் போட்ட மாதிரி ஆபரேஷனையும் போட்டுவிடுவார். அப்புறம் ஒரு வருடம், ஒன்றரை வருடம். அவளுக்கு அந்த வட்டம் வேண்டும். காலையில் கதவைத் திறந்துகொண்டு அவள் வெளியே போகையில், வட்டத்துக்குள் அவளைப் பிடிக்க அவர் தலையைக் கொஞ்சம் சாய்ப்பாரே, அது வேண்டும்.

சனி, ஞாயிறு, திங்கள் என்று வாசிப்பு வழக்கம்போல நடந்தது. கதையில் ஒரு தபால்காரி தப்பான வீட்டில் கடிதம் கொடுத்தாள். வாழ்க்கையில் ஒரு கப்பல் சமையல்காரர் புயலில் உலை வைத்தார். கண் புத்தகம் முடியும் நிலைக்கு வந்தது. அவர் எதையும் கேட்கவில்லை. ஆனால் முன்பெல்லாம் வேலைப் புத்தகத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தச் சொல்லி விளக்கம் கொடுக்கிறவர், இப்போது குறுக்கே பேசவேயில்லை. அவளுக்கு அது நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது நாற்பது வண்டி பழுதாகி வழியிலேயே நின்றுவிட்டதாகத் தகவல் வந்தது. கண்ணாடிக்கு வெளியே மூன்றாவது நடைமேடையில் நாற்பது பேருக்குக் குறையாமல் நின்றார்கள். காலில் கட்டுப் போட்ட ஒருவர் பையின் மேல் உட்கார்ந்து, வண்டி வருகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். மாற்று வண்டி ஏதாவது வந்துவிடாதா என்று அவள் பொத்தானை அழுத்தாமல் வைத்திருந்தாள். நாலு நிமிடம் போனதும் டைம் கீப்பர் தலையை உள்ளே நீட்டினார். "என்னக்கா தூங்கிட்டீங்களா? ரத்துன்னு சொல்லிடுங்க. தெரிஞ்சாத்தானே வேற வண்டி பாப்பாங்க."

இரண்டு தரம் சொன்னாள். கூட்டம் முனகியது. ஒருவன் ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்து அவளுடைய வம்சத்தையே விசாரித்தான். அவ்வளவுதான். அப்புறம் எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு, எந்த வண்டியில் போய் எங்கே மாறலாம் என்று ஒருவரையொருவர் கேட்க ஆரம்பித்தார்கள். ஏழாவது நடைமேடை வண்டியில் முதல் ஆளாக ஏறி சன்னலோரம் பிடித்தவர் கட்டுப் போட்ட கால்காரர்தான்.

மூன்று மணிக்கு அவள் கண் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். திறக்கவில்லை.

"என்னங்க, இதுல ரெண்டு பக்கத்தை நான் விட்டுட்டேன்."

"நூத்திப் பதினாலு, நூத்திப் பதினஞ்சு" என்றார் அவர்.

நூலகத்து அம்மாளைக் கேட்டாரா, யாரையாவது வைத்துப் படிக்கச் சொன்னாரா என்றெல்லாம் யோசித்தாள்.

"யார் சொன்னது?"

"நீதான். பதிமூணு முடிஞ்சு பதினாறுன்னு கணீர்னு அறிவிச்சியே. திருடப் போறவ மணியடிச்சிட்டா போவா?"

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்ததில் அவளுக்கு மூக்கு ஒழுகியது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள். நாலு நாளாகத் தெரிந்தும் ஏன் கேட்கவில்லை என்று அவரிடமே கோபப்பட்டாள். லிப்ட் நடுவில் நின்றுபோனால் உள்ளே இருப்பவர்கள் பதறிக் கதவைப் பிடித்து இழுப்பார்கள். வெளியிலிருந்து நாமும் இழுத்தால் கை நசுங்கிவிடும் என்று, ஏதோ வேலைப் புத்தகத்தை விளக்குகிற மாதிரி அவர் சொன்னார்.

"நீ உள்ள மாட்டிக்கிட்டிருந்த. அதான் சும்மா இருந்தேன். ஆனா நாளன்னைக்கு வியாழக்கிழமை. இன்னைக்கும் நீ வாயத் தெறக்கலன்னா நானே இழுத்திருப்பேன்."

"படிச்சா நீங்க வேணாம்னுடுவீங்க."

"சொல்லலாம். படி."

அவள் பிரித்தாள். பக்க எண்ணைச் சொன்னாள். அந்த நான்கு வரியை வாசிக்கும்போது குரல் அறிவிப்புக் குரலாக இல்லை; கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு படியிறங்குகிறவள் மாதிரி ஒவ்வொரு சொல்லாக ஊன்றி ஊன்றி இறங்கினாள். கிழ மருத்துவர் மேலும் எழுதியிருந்தார். அப்படி ஆவது ஏன் என்று தனக்குத் தெரியாது. தன் கையில் மூன்று பேருக்கு ஆனது. செய்துகொள்ளாமல் இருந்துவிட்டவர்களில் கடைசி வரை பார்வை தங்கியவர் என்று ஒருவரையும் தான் கண்டதில்லை. இரண்டையும் நோயாளிக்குச் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்து வாங்க வேண்டும். பக்கம் முடிந்தது. அவர் முகத்தைப் பார்க்காமல் அடுத்ததற்குப் போனாள். அந்தப் பக்கம் அவளுக்கும் புதிது.

"பக்கம் நூற்றுப் பதினைந்து. மூன்றாமவருக்குப் பிறகு நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். இப்படிப்பட்டவர்களை முந்திய நாளே மருத்துவமனையில் சேர்த்துக்கொள்வதில்லை. இன்றைக்கு வீட்டில் இருங்கள், பார்க்க வேண்டியதைப் பார்த்துக்கொண்டு நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிடுவேன். இதற்கு மருத்துவக் காரணம் ஏதும் கிடையாது. மறுநாள் வராமல் இருந்துவிட்டவர்களும் உண்டு. வந்தவர்களிடம் எதைப் பார்த்தீர்கள் என்று நான் ஒருபோதும் கேட்டதில்லை."

வெளியே தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப உதைத்துக்கொண்டிருந்தார்கள். ஐந்தாறு உதைக்குப் பிறகு கிளம்பியது.

"இது வேலைப் புத்தகத்துல வர்ற பக்கமே இல்ல" என்றார் அவர். "வாழ்க்கைல எழுத வேண்டியது. கிழவர் இடம் தெரியாம இங்க கொண்டாந்து வெச்சிருக்கார்." பிறகு, "நாளைக்கு லீவு போடு."

"திடீர்னு என்னன்னு சொல்றது?"

"வண்டி ரத்துன்னு சொல்லு."

வியாழக்கிழமை போகிறோமா இல்லையா என்று அவள் கேட்க வாயெடுத்தாள். அதற்குள் அவர் நாற்காலியை இழுத்து முழங்கால் முட்டும்படி எதிரே போட்டுக்கொண்டார். தலையை ஒரு பக்கம் சாய்த்து, அப்புறம் மறுபக்கம் சாய்த்து, வட்டத்தைத் தேடினார். கிடைத்ததும் அப்படியே அசையாமல் இருந்தார். அவள் நெற்றியில் தொடங்கி, வகிடு வரை போய், திரும்பி வந்து, மெல்ல இடப்பக்கம் நகர்ந்தார். மூச்சு அவள் கன்னத்தில் பட்டது. முப்பத்தொரு வருடத்தில் இவ்வளவு கிட்ட, இவ்வளவு நேரம், பேசாமல் யாரும் அவள் முகத்தைப் பார்த்ததில்லை. கூச்சமாக இருந்தது. கண்ணைத் தாழ்த்தினால் வட்டம் தப்பிவிடுமோ என்று தாழ்த்தாமல் இருந்தாள்.

"புருவத்துக்குள்ள ஒரு தழும்பு இருக்கே. இது எப்ப வந்துச்சு?"

"கல்யாணத்துக்கு முன்னாடியே இருக்குங்க."

அவர் அந்தத் தழும்பிலேயே வெகுநேரம் இருந்துவிட்டு, கண்ணுக்குக் கீழே இறங்கினார். மாலை வெயில் அவள் காதைத் தாண்டிச் சுவர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. முகத்தை அசைக்காமல், பாதத்தால் தரையை உந்தி, அவள் நாற்காலியை அரை அடி வெளிச்சத்துக்குள் தள்ளிக்கொண்டாள்.