தறிக்குடோனில் பிறந்த நாற்பத்து மூன்று

ஆடி மாதம் இரண்டாம் புதன்கிழமை, காலை பத்தரை மணிக்கு, பெருந்துறை செங்கோட்டையனின் தறிக்குடோனில் நாற்பத்து மூன்று நட்சத்திரங்கள் பிறந்தன. கூரையடியில் ஒரு மாதமாகத் தொங்கிய பஞ்சுத்தூசி மேகம் தானாகச் சுருங்கி, சூடேறி, பற்றிக்கொண்டது. ஒவ்வொன்றும் தட்டைப்பயறு அளவு. ஒன்று மட்டும் எலுமிச்சை அளவில் நீலமாக எரிந்தது. வேறு எவனாயிருந்தாலும் கையெடுத்துக் கும்பிட்டிருப்பான். செங்கோட்டையன் டேப் எடுத்து அளந்தான்.

அளக்காமல் என்ன செய்வான், பாவம். பதினோரு வருடம் முன்பு இரண்டடி நிலத்துக்காகத் தம்பி திருமலைசாமியோடு முட்டிக்கொண்டு, குடோனுக்குக் குறுக்கே சுவர் எழுப்பிய மகாராசன் அல்லவா. அண்ணன் தம்பிக்கு ஒரே பந்தலில் வாழ்க்கைப்பட்ட அக்கா தங்கை தெய்வாத்தாளும் கருப்பாத்தாளும். சுவர் எழும்பிய நாளிலிருந்து தெய்வாத்தாள் தங்கையிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்தப் பக்கம் போனால் இந்தப் பக்கம் வரக்கூடாது என்பது புருசன் உத்தரவு. தங்கை தாளிக்கும் வாசம் மட்டும் தினமும் தவறாமல் வந்தது. தெய்வாத்தாளுக்கு அதுவே பொறுக்க முடியாததாக இருந்தது.

நட்சத்திரங்கள் நாளுக்கு ஒரு விரற்கடை வீதம், எல்லாம் சேர்ந்து, தம்பி பக்கம் நகர்ந்தன. செங்கோட்டையன் சுவரை உயர்த்தி வலை கட்டினான். கோவையில் இயற்பியல் படிக்கும் மகள் சண்முகப்பிரியா சொல்லிப் பார்த்தாள்.

“ஒரே மேகத்துல பொறந்ததுங்க கொஞ்ச காலம் ஒண்ணாப் போகுமுங்கப்பா. அப்பறம் அதது பிரிஞ்சு போயிரும். நிறுத்த முடியாதுங்க.”

“படிச்சது போதும் கண்ணு. வலையப் புடி.”

புரட்டாசியில் நீல நட்சத்திரம் வெடித்தது. குக்கர் விசில் அளவுதான் சத்தம், சுவர் விழுந்தது. அந்த வேகத்தில் மிச்சத் தூசி தம்பி பக்கம் போய்க் குவிந்து, அங்கே பத்தொன்பது புதிதாகப் பிறந்தன. என் நட்சத்திரத்தின் பிள்ளைகள் என்றான் அண்ணன். என் கூரையடியில் பிறந்தவை என்றான் தம்பி. சர்வேயர் வந்தார், அண்ணாந்து பார்த்தார், டீ குடித்துவிட்டுப் போனார். சண்முகப்பிரியா ஒவ்வொன்றும் வந்த வழியைப் பின்னோக்கித் தரையில் சாக்பீஸால் வரைந்தாள். அறுபத்தொரு கோடும் சுவரின் அஸ்திவாரத்தில் ஒரே புள்ளியில் முடிந்தன.

“அப்ப அஸ்திவாரம் யார் பாகம்?” என்று அண்ணனும் தம்பியும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். பதினோரு வருடத்தில் அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

அவர்கள் கத்திக்கொண்டிருக்கும்போதே தெய்வாத்தாள் முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அந்தப் புள்ளியின் மேல் போட்டு உட்கார்ந்தாள். கருப்பாத்தாள் ஒரு முறம் சின்ன வெங்காயத்தோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

“சாப்டீங்களாக்கா?”

“இல்ல அம்மணி. உங்கொழம்பு வாசத்துலயே பதினோரு வருசம் ஓட்டிப்போட்டேன்.”

மறுநாள் சுவரை மறுபடி கட்ட ஆள் வந்தது. திருந்துகிற ஜென்மங்களா அவை. அக்காவும் தங்கையும் எழுந்திருக்கவில்லை. கொத்தனார் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, இருவரும் உட்கார்ந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு இரண்டு பக்கமும் கட்டினார். தை மாதத்துக்குள் நட்சத்திரங்கள் வென்டிலேட்டர் வழியாக வெளியேறி, மேட்டுப்பாளையம் தாண்டி ஆளுக்கொரு திசையில் பிரிந்துவிட்டன. சுவர் இன்றும் நிற்கிறது. நடுவில் இரண்டு பெண்கள் உட்காருகிற அகலத்துக்குக் கதவில்லாத வாசல் இருக்கிறது.