குமிழைத் திருப்ப ஒரு ஆள்

வருஷத்துக்கு ஒரு தடவை எனக்கு மவுசு வரும். பாட்டு கேட்கும் ஆப்களில் எது தேவலை என்று எங்கள் பத்திரிகையின் இணையதளத்தில் ஒப்பிட்டு எழுதுவேன். மற்ற மாதங்களில் சார்ஜர், சலவை இயந்திரம், கொசு விரட்டும் கருவி என்று எதையாவது எழுதிப் பிழைப்பு ஓடும். அதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. இந்த ஒரு கட்டுரைக்காகத்தான் ஆசிரியை எனக்குத் 'தங்கக்காது' என்று பட்டம் கொடுத்திருக்கிறார். என் படத்துக்குக் கீழே சொந்தப் பெயர்கூடக் கிடையாது, தங்கக்காது என்றுதான் போடுவார்கள்.

காது விஷயத்தில் எனக்குத் திமிர் உண்டு, மறைப்பானேன்? படிப்பு சுமார், சம்பாத்தியம் சுமார், ஆள் பார்க்கவும் சுமார். காது மட்டும் சுமார் கிடையாது. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த வருஷம் மூன்று ஆப். கம்பெனி வைத்த பெயர்கள் எனக்கு வாயில் நுழையாது என்பதால் நானே ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொண்டேன். முதலாவது பெரியண்ணன். எல்லார் போனிலும் இருப்பவர், நமக்கு என்ன பிடிக்கும் என்பதை நம்மைக் கேட்காமலே முடிவு செய்துவிடுவார். இரண்டாவது மாப்பிள்ளை. புதுசு, தோரணை ஜாஸ்தி. 'ஸ்டுடியோவில் பாடியது அப்படியே உங்கள் காதில்' என்று சொல்லிக்கொண்டு சந்தாவை மற்றவர்களைப் போல் இரண்டு மடங்கு கேட்பார். மூன்றாவது ஊமைக்குசும்பன். பரிந்துரை, பல்லிளிப்பு எதுவும் இல்லை. தேடினால் கொடுப்பார், தேடாவிட்டால் சும்மா இருப்பார். நாம் பத்திரப்படுத்தி வைத்த பாட்டைக் கொஞ்ச நாள் கழித்து நமக்கே தெரியாமல் அழித்துவிடுவார்.

வசதிகளை ஒப்பிடுவது சுலபம். பாட்டு வரிகள் பாட்டோடு சேர்ந்து ஓடுகின்றனவா, நெட் இல்லாதபோது பாடுகிறதா, ஒரு ஆல்பம் முடிந்ததும் வாயை மூடுகிறதா. கடைசி விஷயத்தில் பெரியண்ணன் படு மோசம். ஆல்பம் முடிந்ததும் அதே சாயலில் இன்னொன்று, அது முடிந்தால் மற்றொன்று என்று, போகச் சொல்லியும் போகாத சொந்தக்காரர் போல உட்கார்ந்துகொள்வார். போன வருஷம் இதைக் குறை என்று எழுதியிருந்தேன். இந்த வருஷம் அவரை நிறுத்த மனசு வரவில்லை. வீட்டில் ஏதாவது ஒரு குரல் கேட்டுக்கொண்டிருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஏனென்றால் வீட்டில் நான் மட்டும்தான். மனைவி கண் ஆஸ்பத்திரி ஒன்றில் கணக்குப் பார்க்கிறாள். போன வருஷக் கடைசியில் தூரத்துக் கிளை ஒன்றுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டாள். சண்டை எதுவும் இல்லை. சண்டை போட்டிருந்தால் சமாதானமாவது ஆகியிருக்கலாம். "கொஞ்ச நாள் அங்க இருந்து பாக்குறேங்க" என்றாள். சரி என்றேன். அந்தக் கொஞ்ச நாள் இழுத்துக்கொண்டே போகிறது. பிள்ளை குட்டி இல்லாத வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் பேசுவோம். கேஸ் வந்ததா, மாத்திரை போட்டீங்களா, அங்கே மழையா. அதற்கு மேல் பேச்சு நகராது. என் வேலைக்கு இந்த அமைதி நல்லதுதானே என்று ஆசிரியை ஒருநாள் சொன்னார். ஃப்ரிட்ஜ் மோட்டார் சட்டென்று நிற்கும்போது வீடு எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது.

மூன்று ஆப்பிலும் 'சேர்ந்து கேட்பது' என்று ஒரு வசதி இருக்கிறது. இரண்டு பேர் வேறு வேறு இடத்தில் இருந்துகொண்டு ஒரே பாட்டை ஒரே நேரத்தில் கேட்கலாம். அதைச் சோதிக்க இன்னொருவரை அழைக்க வேண்டும். போனில் இருந்த பெயர்களை மேலிருந்து கீழே தள்ளிப் பார்த்தேன். பிளம்பர், கேஸ் ஏஜென்சி, ஆசிரியை, பிளம்பர் வராவிட்டால் கூப்பிட இன்னொரு பிளம்பர். மனைவியின் பெயரில் விரல் நின்றது. வேலை நேரத்தில் தொந்தரவு செய்வானேன் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். கடைசியில் இழுப்பறையில் கிடந்த பழைய போனை எடுத்து, அதில் இன்னொரு கணக்குத் தொடங்கி, என்னை நானே அழைத்தேன். திரையில் இரண்டு வட்டம், இரண்டிலும் என் மூஞ்சி. 'இப்போது இரண்டு பேர் கேட்கிறார்கள்' என்று மாப்பிள்ளை பெருமையாக அறிவித்தார். ஒரு போனைச் சமையலறையில் வைத்துவிட்டுக் கூடத்துக்கும் அதற்கும் நடந்து நடந்து கேட்டேன். சமையலறைப் பாட்டு ஒரு மூச்சு பின்தங்கியது. முடித்துக்கொள்ளலாம் என்று பொத்தானை அமுக்கினால், யாரை வெளியேற்றுவது என்று கேட்டது. சமையலறைக்காரனை வெளியேற்றினேன்.

அடுத்தது ஒலித்தரம். பெரியண்ணன் பாட்டைக் கொஞ்சம் நசுக்கித்தான் அனுப்புவார், அப்போதுதான் நெட் தாங்கும். மாப்பிள்ளை நசுக்காமல் முழுசாக அனுப்புவதாகச் சத்தியம் செய்கிறார். ஊமைக்குசும்பன் இரண்டுக்கும் நடுவில். வித்தியாசம் காதுக்குத் தெரிகிறதா என்பதுதான் கேள்வி. எது ஓடுகிறது என்று தெரிந்துகொண்டு கேட்டால், விலை கூடினதுதான் இனிக்கும். அதனால் தெரியாமல் கேட்க வேண்டும். ஆப்புக்கு ஒன்றாக மூன்று போனிலும் ஒரே பாட்டு ஓடும், மூன்றும் ஒரு சின்னப் பெட்டிக்குள் போகும், பெட்டியில் ஒரு குமிழ், அதைத் திருப்பி வைத்த போன் மட்டும் ஹெட்போனில் கேட்கும். மூன்றின் சத்தத்தையும் மீட்டர் வைத்துச் சமன் செய்துவிடுவேன், ஏனென்றால் கொஞ்சம் உரக்கப் பாடுவது எப்போதும் நல்லதாகத் தோன்றும். பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு நான் சுவரைப் பார்த்து உட்காருவேன். என் முதுகுக்குப் பின்னால் இன்னொருவர் பகடையை உருட்டி, விழுந்த எண்ணுக்கு ஏற்றபடி குமிழைத் திருப்ப வேண்டும். எது ஓடுகிறது என்று நான் சொல்ல வேண்டும். அவர் சரி, தப்பு சொல்ல வேண்டும். இந்த ஒரு வேலையைத் தனியாளாகச் செய்யவே முடியாது. கல்யாணமான நாளிலிருந்து அதைச் செய்தது என் மனைவி. ஒன்றிரண்டு தவிர எல்லாமே சரியாகச் சொல்லிவிடுவேன். அதனால்தான் தங்கக்காது.

வேறு வழியில்லாமல் எதிர்வீட்டுக்காரரின் கதவைத் தட்டினேன். பல் செட் செய்கிறவர். மாடிப்படியில் பார்த்தால் தலையாட்டுவோம், அவ்வளவுதான் பழக்கம்.

"சார், ஒரு அரை மணி நேரம் உங்க கை வேணும்."

"என்ன சார், பல்லு கில்லு கழண்டுடுச்சா?"

விஷயத்தைச் சொன்னதும் குஷியாகிவிட்டார். கையைக் கழுவிக்கொண்டு வந்து, ஆப்பரேஷனுக்கு நிற்பவர் மாதிரி பெட்டிக்கு முன்னால் நின்றார். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். பகடை உருண்டது.

"மாப்பிள்ளை" என்றேன்.

"யாரு சார்?"

"ரெண்டாவது போன்."

"இல்ல சார். ஒண்ணாவது."

அடுத்தது. "இது ஊமைக்குசும்பன். மூணாவது."

"இல்லியே சார். ரெண்டாவது."

அடுத்தது ஒன்று சரியாக வந்தது. அதற்கடுத்தவை வரவில்லை. ஒவ்வொரு 'இல்ல சார்'க்கும் அந்த மனிதர் நிஜமாகவே வருத்தப்பட்டார். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒரு பங்கு சரியாக வரும். எனக்கு வந்ததும் அவ்வளவுதான். குமிழைப் பாதியில் நிறுத்துகிறீர்களா என்று அவரைக் கடிந்துகொண்டேன். ஒயரையெல்லாம் பிடுங்கி மறுபடி மாட்டினேன். பாட்டை மாற்றினேன். ஒன்றும் மாறவில்லை.

"எனக்கும் மூணும் ஒரே மாதிரிதான் சார் கேக்குது" என்றார் ஆறுதலாக.

"உங்களுக்குக் கேக்கலாம். எனக்குக் கேக்கக் கூடாது" என்று வள்ளென்று விழுந்தேன். அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. சளி பிடித்திருக்கும், வெந்நீரில் ஆவி பிடியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆவி பிடித்தேன். மறுநாள் காது டாக்டரிடம் போனேன். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து ஒவ்வொரு சத்தமாகக் கேட்கவைத்துவிட்டு, "வயசுக்கு நல்லாவே இருக்கு" என்றார். அழுக்குகூட இல்லையாம். அப்படியானால் என்னதான் ஆகிவிட்டது? பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. மனைவி போன பிறகு என்னிடம் மிச்சம் இருந்தது இந்தக் காது ஒன்றுதான். அதுவும் இல்லை என்றால் அந்த வீட்டுக்குள் திரும்பிப் போய் நான் என்ன செய்வது?

அப்போதுதான் தோன்றியது. அவள் குமிழைத் திருப்பிய விதத்தில் ஏதோ பக்குவம் இருந்திருக்க வேண்டும். மெதுவாகவா, வெடுக்கென்றா, நடுவில் இடைவெளி விட்டா? கேட்டால் எதிர்வீட்டுக்காரருக்கு அதையே சொல்லிக்கொடுக்கலாம். ஞாயிறு வரை பொறுக்க முடியாமல் அன்று மத்தியானமே கூப்பிட்டேன். சாப்பாட்டு இடைவேளை. பின்னால் பாத்திரச் சத்தமும் யாரோ சிரிக்கும் சத்தமும் கேட்டன.

"என்னங்க, உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. அந்தக் குமிழு இருக்குல்ல, அதை நீ எப்படித் திருப்புவே?"

"எந்தக் குமிழு?"

நடந்ததையெல்லாம் கொட்டினேன். எதிர்வீட்டுக்காரர், ஆவி, டாக்டர், ஒன்று விடவில்லை. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். பின்னாலிருந்த சத்தங்கள் குறைந்தன, எழுந்து வராந்தாப் பக்கம் வந்திருக்க வேண்டும்.

"சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"நான் பகடையே உருட்ட மாட்டேங்க. முதல்ல ரெண்டு மூணு தடவை உருட்டினேன். நீங்க தப்பாத்தான் சொன்னீங்க. தப்புன்னு சொன்னதும் உங்க தோளு அப்படியே இறங்கிப்போச்சு. பாக்கச் சகிக்கல. அப்புறம் ஏதோ ஒண்ணைத் திருப்பிவிட்டுட்டு, நீங்க என்ன சொன்னாலும் சரின்னுடுவேன்."

"எல்லாத் தடவையுமா?"

"எல்லாத்தையும் சரின்னா சந்தேகப்படுவீங்கல்ல. நடுவுல ஒண்ணு ரெண்டு தப்புன்னு சொல்லிவைப்பேன்."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. தலை சூடாகிக் காது இரைந்தது. இத்தனை வருஷம் நான் எழுதியதை நம்பி எத்தனை பேர் சந்தா கட்டியிருப்பார்கள்! முட்டாளாக்கிவிட்டாயே என்று கத்த வாயெடுத்தேன். ஆனால் வாயில் வந்தது வேறு.

"ஏன் அப்படிப் பண்ணே? என் தோளு இறங்கினா இறங்கிட்டுப் போவுது."

"தப்புன்னா நீங்க ஹெட்போனைக் கழட்ட மாட்டீங்க. மறுபடி, மறுபடின்னு சுவரைப் பாத்தபடியே உக்காந்திருப்பீங்க. சரின்னா உடனே கழட்டிட்டு என் பக்கம் திரும்பிடுவீங்க. அது எப்படித் தெரிஞ்சுது, இது எங்க நசுங்கிச்சுன்னு கையை ஆட்டி ஆட்டிப் பேசுவீங்க. அன்னிக்கு முழுக்க என்கிட்டயே பேசிட்டிருப்பீங்க. எனக்கு அதுல ஒரு எழவும் புரியாது. ஆனா பேசுவீங்கல்ல. வருஷத்துல ஒரு நாளாவது அது போதும்னு இருந்துச்சு." பாத்திரம் ஒன்று எங்கோ விழுந்தது. "அப்புறம் போதல."

மாற்றல் வாங்கிக்கொண்டு போன அன்றுகூட அவள் இவ்வளவு சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. போனைக் காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இப்ப என்ன எழுதப் போறீங்க?" என்றாள்.

"வித்தியாசம் எனக்குத் தெரியலன்னு எழுதுவேன். வேற என்ன எழுத முடியும்?"

"பட்டம் போயிடுமே."

"போகட்டும்."

"எழுதுங்க, இந்தத் தடவை நானும் படிக்கிறேன்." அவள் குரலில் சிரிப்பு இருந்ததா என்று எனக்குப் பிடிபடவில்லை. "சரி, மணியாச்சு, உள்ள போகணும். வேற ஏதாவது கேக்கணுமா?"

கேட்க எவ்வளவோ இருந்தது. திரும்பி வருவாயா என்பதை எடுத்த எடுப்பில் கேட்கத் தைரியமில்லை. சேர்ந்து கேட்கும் அந்த வசதி நினைவுக்கு வந்தது. இன்று சாயங்காலம் அவளையே அழைக்கலாம், அவளுக்குப் பிடித்த பாட்டை அவள் அங்கிருந்தும் நான் இங்கிருந்தும் கேட்கலாம், என் மூஞ்சிக்குப் பக்கத்து வட்டத்தில் அவள் மூஞ்சி இருக்கும். ஆசையோடு என்ன பாட்டு என்று யோசித்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அவள் எதையாவது முணுமுணுத்துக் கேட்டிருக்கிறேனா? வேலை செய்யும்போது? குளிக்கும்போது? ஒன்றுகூட வரவில்லை.

"உனக்கு எந்தப் பாட்டு பிடிக்கும்?" என்று அவளிடமே கேட்டேன்.

"எனக்கா?" என்றாள். நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள். "எனக்குப் பாட்டுன்னாலே அவ்வளவாப் பிடிக்காதேங்க. உங்களுக்குத் தெரியாதா?"