எட்டுச் செலவுக்கு நண்டு

குசினியிலிருந்து நண்டுக்கறி வாசம் வந்ததுமே தாட்சாயினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மா நேசமலர் கண்ணை மூடி எட்டாம் நாள். போனவர் விரும்பித் தின்றதையெல்லாம் எட்டுச் செலவன்று படைப்பது வழமைதான். ஆனால் இந்த அம்மாவுக்கு நண்டா? மூத்தவன் பிரதாபன் போரின் கடைசிச் சண்டையில் காணாமற்போனபோது, அவன் திரும்பி வரும்வரை மீன் மச்சம் தொடமாட்டேன் என்று அம்மனுக்கு நேர்ந்து, பதினாறு வருடம் மரக்கறியோடு கிடந்த மனுசி!

தம்பி பெண்சாதி யூலிற்றாவில் அவளுக்கு முதலே சந்தேகம். முல்லைத்தீவுக் கடற்கரைப் பெட்டை, மீனில்லாமல் சோறு இறங்காது. போன மாதம் தாட்சாயினி நெளுக்குளத்திலிருந்து, தம்பி வீட்டில் இருந்த அம்மாவைப் பார்க்க அக்கராயனுக்கு வந்தபோது, கிணற்றடிக் குப்பைக்குள் நண்டுக்கோது கிடந்தது. அம்மாவின் கையிலும் மெல்லிய வெடுக்கு மணம். என்னம்மா இது என்று கேட்டதற்கு அம்மா கதையை மாற்றினார். யூலிற்றா சிரித்து மழுப்பினாள். வயதுபோன மனுசியின் நேர்த்திக்கடனைக் குழப்பிவிட்டாளே, பாவி!

தாட்சாயினி குசினி வாசலில் நின்றாள்.

"உண்மையைச் சொல்லு. அம்மாவுக்கு மச்சம் குடுத்தனீயோ?"

யூலிற்றா அகப்பையைக் கீழே வைத்தாள். "ஓம் மச்சாள். ரெண்டு வருசமா. அவாதான் கேட்டவா."

"பொய்!"

"'அவன் இனி வரான் பிள்ளை, எனக்குத் தெரியும்' எண்டு ஒருநாள் குழறி அழுதவா. அண்டைக்குத்தான் முதல்முதல் குடுத்தனான். நீங்கள் வாற நாளில மட்டும் பருப்பும் கீரையும் வைக்கச் சொல்லுவா. 'தாட்சா இன்னும் தமையனைப் பாத்துக்கொண்டிருக்கிறாள். நான் கைவிட்டிட்டன் எண்டு தெரிஞ்சால் தாங்கமாட்டாள்' எண்டு."

தாட்சாயினியும் அம்மாவோடு சேர்ந்து நேர்ந்தவள்தான். நாலு வருடத்துக்கு முன்பே மனம் விட்டுப்போய், சந்தையில் மீன் வாங்கிக் காய்ச்சித் தின்றவள். அம்மா தாங்கமாட்டார் என்று மறைத்து, ஒவ்வொரு முறையும் 'அண்ணை வருவார் அம்மா' என்று சொல்லிவிட்டுப் போனவள். ஐயோ, இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒருநாள் அழுதிருக்கலாமே!

யூலிற்றா அம்மாவின் படத்துக்கு முன்னால் வாழையிலையை விரித்தாள். காணாமற்போனவனுக்கு அந்த வீட்டில் ஒருவரும் இதுவரை படைத்ததில்லை. படைத்தால் செத்தவன் என்றாகிவிடும்.

"பக்கத்தில இன்னொரு இலை போடு," என்றாள் தாட்சாயினி. "அண்ணைக்கு."